அனாமத்துக் கணக்கில் ஓர் அரிப்பு

பி.காம் படிக்கிறவன் தோல் வியாதியைப் பற்றி எழுதலாமா என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்த விஷயம் எனக்குப் புரிந்ததே கணக்குப்பதிவியல் வழியாகத்தான்.

இருப்பாய்வு தயாரிக்கும்போது பற்றும் வரவும் ஒத்துப் போகவில்லை என்றால் என்ன செய்வோம்? வித்தியாசத் தொகையை எடுத்து "அனாமத்துக் கணக்கு" என்று ஒன்றில் போட்டு, இரண்டு பக்கத்தையும் சமமாக்கி விடுவோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிழை அங்கேயேதான் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவாகத் தேடிப் பிழையைக் கண்டுபிடித்தால்தான் அந்தக் கணக்கை மூட முடியும்.

என் தாத்தாவின் அரிப்பு நாலு வருஷம் அனாமத்துக் கணக்கில்தான் இருந்தது. மருத்துவச் சீட்டில் அந்தக் கணக்குக்கு வேறு பெயர்: "அலர்ஜி". எதனால் அலர்ஜி என்று யாரும் எழுதவில்லை.

தாத்தாவுக்குத் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம். நெல், வேர்க்கடலை, சில வருஷம் கரும்பு. அரிப்பு முதலில் வந்தது ஒரு ஆடிக்குப் பிறகு. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, பொடிப் பொடியாக நீர் கோத்தது. கரப்பான் என்றார்கள். பாட்டி குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். கத்தரிக்காயும் கருவாடும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். தை மாசத்தில் தானாகக் குறைந்தது. கத்தரிக்காயை நிறுத்தியதால்தான் என்று பாட்டி சொன்னாள். அடுத்த ஆடிக்குப் பிறகு கத்தரிக்காய் சாப்பிடாமலேயே திரும்ப வந்தது.

மூன்றாவது வருஷம் அது போகவே இல்லை. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டால் பத்து நாள் சுகம், பதினோராம் நாள் பழையபடி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பும் அப்படித்தான். முகத்துத் தோல் தடித்து, கருத்து, நெற்றியில் வரி வரியாக மடிப்பு விழுந்தது. காது மடல் கனத்தது. ஊரில் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "பெருவியாதி" என்ற வார்த்தையை யாரும் எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் தாத்தாவுக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. அத்தை மகள் கல்யாணத்தில் அவர் மண்டபத்துக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும்போது நான் போய்க் கூப்பிட்டேன். "நீ போடா, நான் இங்கேர்ந்தே பாக்கறேன்" என்றார். அங்கிருந்து மேடை தெரியாது.

பாட்டி அதற்குள் இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள். தெய்வக் குத்தம். என்றோ வேண்டிக்கொண்டு செலுத்தாமல் விட்ட காவடி. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் தாத்தா மொட்டை போட்டு, காவடி எடுத்து, படி ஏறினார். மனசுக்கு நிம்மதி கிடைத்தது என்று அவரே சொன்னார். அரிப்பு மட்டும் இறங்கவில்லை.

<b>எங்கே அரிக்கவில்லை?</b>

கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். விடிகாலை மின்சார ரயில் பிடித்து, சீட்டு வாங்கி, மதியம் வரைக்கும் வரிசையில் நின்றோம். பார்த்தது ஒரு வயதான டாக்டரம்மா. அவர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பெரியவரே, எங்க அரிக்குதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எங்க அரிக்கலைன்னு சொல்லுங்க."

தாத்தா யோசித்து, பனியனுக்குள்ளே அவ்வளவாக இல்லை என்றார். அதற்கு முன் ஒரு டாக்டர் அதைக் கேட்டுவிட்டு "வெயில் அலர்ஜி" என்று முடித்திருந்தார். வெயில் படும் இடத்தில்தானே வருகிறது என்பது அவர் வாதம். டாக்டரம்மா தாத்தாவின் கண் இமையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் மடித்துப் பார்த்தார். தாடையைத் தூக்கி, அதன் அடியில் பார்த்தார். மூன்று இடத்திலும் புண் இருந்தது.

"இங்கெல்லாம் வெயில் படாதுப்பா. தூசி படும்" என்று என்னிடம் சொன்னார்.

இதுதான் திருப்புமுனை. வெயிலால் வரும் தோல் அழற்சி பொதுவாக மேல் இமை, காதின் பின்புறம், தாடையின் கீழ்ப்பகுதி ஆகிய நிழல் இடங்களை விட்டுவிடும். காற்றில் மிதந்து வரும் பொருளால் வந்தால் அது நிழல், வெயில் பார்க்காது. இமை மடிப்பு, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் என்று வேர்வையும் தூசியும் தங்குகிற இடமாகப் பார்த்து உட்காரும். அடுத்த கேள்வி: எந்த மாசத்தில் அதிகம்? வயலில் என்ன வேலை? வரப்பில் என்ன செடி? தாத்தா வரப்பில் முளைக்கும் வெள்ளைப் பூச்செடியை ஒவ்வொரு வருஷமும் வெறும் கையால் பிடுங்கிக் குவித்து வைப்பார். அதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "பார்த்தீனியம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்தச் சோதனைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

<b>முதுகில் ஒட்டிய பட்டை</b>

1895-ல் கிராட்ஸ் நகரில் ஜெர்மன் தோல் மருத்துவர்களின் மாநாடு நடந்தது. அதில் யோசெஃப் யாதஸோன் என்ற மருத்துவர் ஒரு சின்ன பரிசோதனையைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்தில் பாதரசக் களிம்பு பல வியாதிகளுக்கு மருந்து. சிலருக்கு மட்டும் அந்த மருந்தே தோலைப் புண்ணாக்கியது. புண்ணுக்குக் காரணம் வியாதியா, மருந்தா? யாதஸோன் அப்படிப்பட்டவரின் நல்ல தோலில், புண் இல்லாத இடத்தில், பாதரசத்தைத் தடவி ஒட்டி வைத்தார். ஒட்டிய இடத்தில் மட்டும் அதே மாதிரிப் புண் வந்தது. மருந்துதான் குற்றவாளி.

இதுதான் "பேட்ச் டெஸ்ட்". இன்றைக்கும் அடிப்படை அதேதான். சந்தேகப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக, மிகக் கொஞ்சமாக, சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் குளிக்கக்கூடாது, வேர்க்கிற வேலை செய்யக்கூடாது. பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு காத்திருப்பு என்றால், இது தேனீ கொட்டினால் உடனே வீங்குகிற மாதிரியான அலர்ஜி இல்லை. உடம்பின் வெள்ளை அணுக்கள் ஒரு பொருளை "எதிரி" என்று ஞாபகம் வைத்திருந்து, அது மறுபடி வரும்போது படை திரட்டிக்கொண்டு வர ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். ஒரு முறை மனப்பாடம் ஆகிவிட்டால் பெரும்பாலும் மறக்காது. தாத்தா பல வருஷம் அந்தச் செடியைத் தொட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்து, பிறகு திடீரென்று வந்ததற்கும் இதுதான் விளக்கம்.

அந்த இரண்டு நாள் தாத்தா சென்னையில் சித்தப்பா வீட்டில், முதுகில் பட்டையோடு, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொழுது போகவில்லை. இந்த மாதிரி காரணம் தெரியாத தோல் வியாதிக்குக் காரணம் கண்டுபிடித்த கதை நம் நாட்டில் வேறு ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தவற்றில் ஒன்று, நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற ஒரு கொட்டையைப் பற்றியது.

<b>காலரில் இருந்த குறி</b>

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீரர்கள் நிறையப் பேர் இந்தியாவில் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பின்கழுத்திலும் இடுப்பிலும் கடுமையான அரிப்பு, கொப்புளம்.

"தோபி இட்ச்" என்று ஒரு பெயர் ஏற்கெனவே வெள்ளைக்காரர்கள் மத்தியில் புழக்கத்தில் இருந்தது. தொடை இடுக்கில் வருகிற படர்தாமரைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. துணி துவைப்பவர் சரியாகத் துவைக்காததால் வருகிறது என்று நினைத்து அவர் பெயரையே வியாதிக்கு வைத்து விட்டார்கள். உண்மையில் அது ஒரு பூஞ்சை. வேர்வையும் ஈரமும் இறுக்கமான உடுப்பும் அதற்குப் போதும். துவைத்தவர் மேல் விழுந்தது வீண்பழி.

ஆனால் இந்தக் கழுத்து அரிப்பு வேறு ரகம். லிவிங்குட் என்பவரும் இன்னும் இரண்டு ராணுவ மருத்துவர்களும் இதைப் பற்றி 1943-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். புண் இருந்த இடமும் உடுப்பில் சலவைக்குறி இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. சட்டை என்றால் காலரின் உட்பக்கம், கால்சட்டை என்றால் இடுப்புப் பட்டை. அந்தக் குறியைப் போட்டது சேராங்கொட்டைச் சாறு. சுண்ணாம்பு சேர்த்தால் கறுப்பாகப் பிடித்துக்கொண்டு, எத்தனை சலவைக்கும் போகாது. யார் வீட்டுத் துணி எது என்று மாறாமல் இருக்க நம் ஊர் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மை அது. ஆங்கிலத்திலும் அதற்கு "குறி போடும் கொட்டை" என்றுதான் பெயர்.

சேராங்கொட்டைப் பால் பட்டால் உடம்பு வெந்து வீங்கும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். சித்த மருத்துவத்தில் அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் எந்நேரமும் சலவைக்குறி போட்ட வேட்டியைக் கட்டுகிற இந்தியர்களுக்கு வராதது வெள்ளைக்கார வீரர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வரவேண்டும்? சேராங்கொட்டை, மா, முந்திரி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அமெரிக்கக் காடுகளில் "பாய்ஸன் ஐவி" என்ற கொடி இருக்கிறது. அதுவும் அதே குடும்பம், அதன் பாலில் இருப்பதும் சேராங்கொட்டையில் இருப்பதும் நெருங்கிய உறவுள்ள பொருள்கள். சின்ன வயசில் ஊரில் அந்தக் கொடியைத் தொட்டு ஒவ்வாமை ஏற்பட்டவர்களின் உடம்பு, கடல் கடந்து வந்து, காலரில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியில் பழைய எதிரியை அடையாளம் கண்டது.

தாத்தாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். நாலு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்ப துவைக்கிறவங்க மேல தப்பே இல்லைங்கறியா, இருக்குங்கறியா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு வியாதிக்கு அவர்கள் காரணமே இல்லை, ஆனால் வியாதிக்கு அவர்கள் பெயர். இன்னொன்றுக்கு அவர்கள் போட்ட குறிதான் காரணம், ஆனாலும் அது அவர்கள் குற்றம் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்து பட்டையை எடுத்தார்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தோல். ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து, தடித்து, நீர் கோத்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது இன்னும் பலமாக இருந்தது. அது பார்த்தீனியத்தின் வட்டம். டாக்டரம்மா சீட்டில் இருந்த கேள்விக்குறியை அடித்தார்.

<b>செடி வந்த கதை</b>

பார்த்தீனியம் எல்லோருக்கும் தெரிந்த செடிதான். கேரட் இலை மாதிரி பிளவுபட்ட இலை, உச்சியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. திருத்தணி ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள். காலி மனை, ரோட்டோரம், தரிசு நிலம், எங்கும் அதுதான். ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். நாடு முழுக்கச் சுமார் 3.5 கோடி ஹெக்டேரில் பரவியிருப்பதாக ஒரு மதிப்பீடு.

இது நம் நாட்டுச் செடி இல்லை. பூர்வீகம் மெக்சிகோ, கரீபியன் தீவுகள் என்று அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. இங்கே எப்படி வந்தது? எங்கள் பொருளாதார வகுப்பில் பி.எல்.480 நடத்தும்போது இந்தக் கதையும் வந்தது. அமெரிக்கா தன் உபரிக் கோதுமையைப் பிற நாடுகளுக்கு அனுப்ப 1954-ல் போட்ட சட்டம் அது. டாலர் கையிருப்பு இல்லாத நமக்கு, ரூபாயிலேயே பணம் கட்டலாம் என்பது பெரிய சலுகை. அந்தக் கோதுமை மூட்டையில் கலந்து பார்த்தீனியம் விதையும் வந்தது என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. நானும் அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. இந்தியா பி.எல்.480 ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். பராஞ்சபே என்ற பேராசிரியர் புனே நகரத்துக் குப்பைமேடுகளில் இந்தச் செடியைப் பார்த்தது 1951-ல். அதை இந்தியாவுக்குப் புதிய செடி என்று ஆர்.எஸ்.ராவ் அறிவித்த கட்டுரை 1956-ல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் செடி இந்தியாவில் இருந்ததற்குத் தாவரவியல் பதிவுகள் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, முதன்முதலில் கொண்டுவந்தது பி.எல்.480 கோதுமை என்பது நிற்காது. பிற்பாடு வந்த தானியத்தோடு இன்னும் விதை வந்திருக்கலாம், இங்கிருந்த சரக்கு ரயிலும் லாரியும் அதை ஊர் ஊராக இறக்கியிருக்கலாம். அது வேறு விஷயம். முதல் பதிவு நடந்த பிறகு வந்தவர் மேல் முதல் பதிவைப் போடக்கூடாது இல்லையா?

பெயர்களைப் பாருங்கள், பழி எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று தெரியும். வடக்கே "காங்கிரஸ் புல்". வெள்ளைப் பூ காந்தி குல்லா மாதிரி இருப்பதால் என்பார்கள், காங்கிரஸ் ஆட்சியில் வந்ததால் என்றும் சொல்வார்கள். நம்ம பக்கம் "விஷச்செடி". இதில் எனக்குப் பிடித்தது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்தான். எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் பாதி வீட்டில் தெலுங்கு புழங்கும். நகரிப் பக்கம் உள்ள எங்கள் உறவினர்கள் இதை "வய்யாரி பாமா" என்கிறார்கள். ஒய்யாரக்காரி! எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் விஷம், அந்தப் பக்கம் ஒய்யாரம். செடிக்கு எல்லைக் கல் தெரியாது, இரண்டு பக்கமும் முளைக்கிறது.

<b>புனேயில் தொடங்கிய புண்</b>

செடி முதலில் கண்ணில் பட்ட புனேயில்தான் வியாதியும் முதலில் கவனத்துக்கு வந்தது. வெளியில் வேலை செய்கிற ஆண்களுக்கு முகம், கழுத்து, கை மடிப்புகளில் ஆறாத அழற்சி. மழைக்காலத்தில் செடி தழைக்கும்போது கூடும். ஆரம்பத்தில் பருவத்துக்கு மட்டும் வரும், சில வருஷம் போனால் வருஷம் முழுக்க இருக்கும். தாத்தாவின் கதையே அச்சு அசலாக!

புனேயைச் சேர்ந்த லோன்கர், கனடாவின் மிட்செல், லண்டனின் கால்னன் ஆகிய மூன்று மருத்துவர்கள் 1974-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த வியாதிக்கான காரணத்தை உலகத்துக்குச் சொன்னது. குற்றவாளிப் பொருளின் பெயர் பார்த்தினின். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொருளை அமெரிக்காவில் வெர்னர் ஹெர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு ஏற்கெனவே பிரித்தெடுத்து, 1962-லேயே அதன் அமைப்பையும் விளக்கி விட்டது. ஒரு பக்கம் புனேயில் மனிதர்கள் சொறிந்துகொண்டிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் புளோரிடாவில் விடை ஒரு ஆராய்ச்சி இதழில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் ஏற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. 1977-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுப்பா ராவும் அவருடைய சகாக்களும் இந்தச் செடியோடு புழங்குபவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். இந்தியாவில் பேட்ச் டெஸ்ட்டுக்கென்று வகுத்திருக்கும் பொருள் பட்டியலில் இப்போது பார்த்தீனியமும் ஒன்று. தாத்தாவின் முதுகில் அந்த வட்டம் ஒட்டப்பட்டதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

பார்த்தினின் செடியின் மேல் இருக்கும் நுண்ணிய ரோமங்களில் இருக்கிறது. செடி காய்ந்து உதிர்ந்தால் அந்தத் தூள் காற்றில் கலக்கும். அதனால் தொட்டால்தான் வரும் என்றில்லை. பிடுங்கிக் குவித்துக் காய வைத்தாலும் ஆபத்துதான். தாத்தா நாலு வருஷம் வீட்டுக்கு அந்தப் பக்கம் குவித்து வைத்தது அதைத்தான்.

<b>விடை தெரிந்த பிறகு</b>

காரணம் தெரிந்துவிட்டால் வியாதி போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது அவ்வளவு சுலபம் இல்லை. கத்தரிக்காயை நிறுத்தலாம், காற்றை எப்படி நிறுத்துவது? டாக்டரம்மா அசாதயோப்ரின் என்ற மாத்திரை கொடுத்தார். பார்த்தீனிய அழற்சிக்கு இது பயன்படும் என்று இந்திய மருத்துவர்களே 1990-களில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அது எதிர்ப்பு சக்தியையே அடக்குகிற மருந்து. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொன்னார். பார்த்தீனியமும் சாமந்தியும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம், ஆகவே சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது, எச்சரிக்கையாக இருங்கள் என்று. முருகன் கோயில் ஊரில், மாலை என்றாலே பாதி சாமந்தி! மலைக்குப் போய் சாமி பிரசாதமாகக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிய ஒவ்வொரு முறையும் அது அதிகமாகியிருக்கலாம். தெய்வக் குத்தம் என்று சொன்ன பாட்டி இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாமிக்கென்ன, அரளி போட்டா வேணாங்குதா?" என்றாள். அவ்வளவுதான், அந்த வழக்கு அதோடு முடிந்தது.

செடியை ஒழிக்க என்னென்னவோ முயற்சி செய்திருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து அந்தச் செடியைத் தின்னும் ஒரு வண்டை வரவழைத்து 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். அது மழைக்காலத்தில் நன்றாகத் தின்கிறது, ஆனால் செடி முழுக்க ஒழியவில்லை. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. நாம் செய்யக் கூடியது சின்ன விஷயம்தான். பூக்கும் முன்பே வேரோடு எடுக்க வேண்டும். வெறும் கையால் தொடக்கூடாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி. பயிர் இல்லாத இடமாக இருந்தால் லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். அந்த இடத்தில் தகரையும் ஆவாரையும் வளர விட்டால் அவை இதை நெருக்கிவிடும். ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர் அந்த வேலைக்கே போகக்கூடாது.

எங்கள் வரப்பை இப்போது நானும் சித்தப்பாவும் சுத்தம் செய்கிறோம். பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லிப் பார்த்தோம். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே" என்றார். அவருடைய உடம்பு இன்னும் மனப்பாடம் செய்யவில்லை, அவ்வளவுதான். பேட்ச் டெஸ்ட் சீட்டை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப இது ஒட்டுற வியாதி இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரப்பும் சுத்தமாக இருந்தது.

தாத்தாவின் தோல் முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை. நெற்றி மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இரவில் தூங்குகிறார். போன மாசம் அவரோடு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம் போலப் பேப்பர் கப்பை எடுத்தார். தாத்தா நிதானமாக, "செடிப்பா, செடி. எனக்கு ஒண்ணுமில்ல, கிளாஸ்லயே குடு" என்றார்.

கிளாஸில்தான் வந்தது.